கம்பம் பள்ளத்தாக்கு வணிகர்கள் சட்டமன்றத்திடம் கேட்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், சின்னமனூர், தேவாரம், போடி வட்டாரத்து வணிகர்கள் சேர்ந்து, சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுப்பதற்காக ஒரு கோரிக்கை மனு எழுதியிருக்கிறோம். மனுவைப் படித்தவர்கள் கடையிலும் மண்டியிலும் நேரிலேயே நிறையக் கேட்டார்கள். சிலர் பாராட்டினார்கள், சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மனு எழுதிய குழுவில் நானும் இருந்தேன். கம்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன்.

மனுவை யாரிடம் கொடுக்கிறீர்கள்?

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் என்று நான்கு தொகுதிகள் இருக்கின்றன. நான்கு உறுப்பினர்களுக்கும் ஒரே மனு, ஒரே வாசகம். ஆளும் கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று என்று மாற்றி எழுதவில்லை. மலையாளத்தில் மொழிபெயர்த்து உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் தொகுதிகளின் கேரள உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறோம். காரணம், நாங்கள் கேட்பவற்றில் பாதி இரண்டு மாநிலமும் கையெழுத்திட்டால்தான் நடக்கும்.

எதைக் கேட்பது என்பதில் எங்களுக்குள் சண்டை அதிகம் இல்லை. எது யாருடைய அதிகாரம் என்று பிரிப்பதில்தான் பல மாலைகள் கழிந்தன. ஜிஎஸ்டி விகிதத்தை ஜிஎஸ்டி மன்றம் முடிவு செய்கிறது. நறுமணப் பொருள் வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் மத்திய அரசுடையவை. பஸ், காவல்துறைச் சோதனை, தொழிலாளர் நல வாரியம், உணவுப் பரிசோதனை, மாவட்ட நிர்வாகம் ஆகியவை மாநிலத்துடையவை. சட்டமன்ற உறுப்பினரால் முடியாததை அவரிடம் கேட்டு, அவர் தலையாட்டி, நாம் கைதட்டி அனுப்புவது இந்த மாவட்டத்தில் போதும் போதும் என்ற அளவுக்கு நடந்துவிட்டது.

முதல் கோரிக்கையே தோட்டத் தொழிலாளர் பயணம் பற்றியதாக இருக்கிறது. வணிகர்களுக்கு இதில் என்ன வேலை?

இந்தக் கேள்வியைத்தான் மிக அதிகமாகக் கேட்டார்கள். எங்கள் வணிகர் சங்க உறுப்பினர்களே கேட்டார்கள்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பத்திலோ தேவாரத்திலோ போடியிலோ தெருமுனையில் நின்று பாருங்கள். தூக்குச்சட்டியில் பழைய சோறும், பையில் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளும் வைத்துக்கொண்டு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள் வழியாக கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் எடுப்பது, கவாத்து செய்வது, களை எடுப்பது எல்லாம் இவர்கள் கைதான். இருக்கைகளின் எண்ணிக்கையைப்போல் இரண்டு மடங்கு பேர் ஒரு ஜீப்பில் ஏறுகிறார்கள். பின்கதவில் தொங்கிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இருட்டிய பிறகு அதே ஜீப், அதே வளைவுகளில் இறங்கி வருகிறது. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

2023 ஆகஸ்டில் வயநாட்டில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பிய ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பெண்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் என் கடைக்கு வந்த பெண்கள் அரிசி கேட்கவில்லை, பருப்பு கேட்கவில்லை. அந்தப் படத்தைத்தான் கைப்பேசியில் காட்டிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலை அவர்களே மறுபடி ஜீப்பில் ஏறினார்கள். வேறு வழி இல்லை.

வணிகருக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். என் கடன் நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் மலைக்குப் போகிறவர்களின் பெயர்கள்தான். கூலி கிடைத்த மாலையில் ஜவுளிக்கடை, கறிக்கடை, மருந்துக்கடை, செருப்புக்கடை எல்லாவற்றிலும் விளக்கு பிரகாசமாக எரியும். 2024 கோடையில் வறட்சியில் ஏலச்செடிகள் கருகியபோது மலையில் வேலைநாள் குறைந்தது. அதே மாதங்களில் பள்ளத்தாக்கில் கல்லாப்பெட்டியும் வற்றியது. இந்த ஊர்களின் வணிகம் அந்தப் பெண்களின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் உயிரோடு வீடு திரும்புவதை முதலில் கேட்காமல், கடை வாடகையையும் மின்கட்டணத்தையும் முதலில் கேட்க எனக்கு மனம் வரவில்லை. குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குச் சட்டமன்ற உறுப்பினரால் என்ன செய்ய முடியும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 88ஆவது பிரிவின்படி, இரண்டு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு எந்தத் தடத்தில் எத்தனை பஸ் ஓட்டுவது என்று முடிவு செய்யலாம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே ஓடும் பஸ்கள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. நாங்கள் கேட்பது, தோட்ட வேலை நேரத்துக்கு ஏற்ற விடியற்காலைப் பஸ்கள். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டத்துக்கு, குமுளி வழியாக வண்டன்மேட்டுக்கு, போடியிலிருந்து பூப்பாறைக்கு. மாலையில் அதே தடத்தில் திரும்ப வர வேண்டும். எட்டு மணிக்குப் புறப்படும் பஸ்ஸால் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. எல்லை வரையிலான தூரத்துக்காவது அந்தச் சலுகை இந்தப் பஸ்களிலும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். சென்னையில் அலுவலகம் போகும் பெண்ணுக்குக் கிடைப்பது, ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்ணுக்கும் கிடைக்கட்டும்.

உறுப்பினர்களுக்கு இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. போக்குவரத்துத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம். அமைச்சரைப் பார்த்துக் கேரளத்துக்குக் கடிதம் எழுதவைக்கலாம். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு உறுப்பினரும் தம் தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளைத் தரும்படி முதலமைச்சர் கேட்டார். அதுபோன்ற வாய்ப்பு மறுபடி வரும்போது இது முதல் வரியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

பஸ் வந்தால் ஜீப் ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடாதா?

போகக் கூடாது. அவர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள், எங்கள் சொந்தக்காரர்கள். பெரும்பாலான தோட்டங்கள் பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. பஸ்ஸால் அங்கே போக முடியாது. மலையேற்றத்துக்கு பஸ், சாலையிலிருந்து தோட்டத்துக்கு ஜீப் என்று பிரித்தால், ஆபத்தான வளைவுகளில் ஆட்களை அடைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஓட்டுநருக்கு நடை குறையாது. இதை எழுதுவதற்கு முன் ஓட்டுநர்களை உட்காரவைத்துப் பேசினோம். அபராதம் மட்டும் போட்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது என்று அவர்கள் சொன்னார்கள். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். சோதனை நடக்கும் வாரத்தில் ஜீப் குறையும். கிடைத்த ஜீப்பில் கூட்டம் இன்னும் அதிகமாகும்.

ஏலக்காய்க்கு வரிக்குறைப்பு ஏன் கேட்கவில்லை?

ஏலக்காய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைக் குறைப்பது நம் சட்டமன்றத்தின் கையில் தனியாக இல்லை. மாநிலத்தின் கையில் இருக்கும் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறோம்.

ஒன்று, தாள் பற்றியது. ஏலக்காய் மின்னணு ஏலம் இடுக்கியில் புற்றடியிலும் நம் போடியிலும் நடக்கிறது. புற்றடியில் எடுத்த காயும் தரம் பிரிக்கப் போடிக்கு இறங்குவது உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலைக்கு எட்டு கிலோ காய், ஒரு சின்னப் பை, வரம்பைத் தாண்டிவிடும். பதிவு பெற்ற வியாபாரிக்குப் பில் போடத் தெரியும். சிக்கல் எங்கே என்றால், மலையில் இரண்டு ஏக்கரும் கீழே வீடும் வைத்திருக்கும் சிறு விவசாயியிடம். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். அப்படிச் சேர்த்த தன் சொந்தக் காயை விற்பதற்குக் கீழே கொண்டுவருகிறவர், எந்தத் தாளைக் காட்டினால் விடுவார்கள் என்று தெரியாமல் நிற்கிறார். தோட்டப் பதிவுச் சான்று போதும் என்று ஓர் அதிகாரி சொல்வார். போதாது என்று அடுத்தவர் சொல்வார். இரண்டு மாநில வணிகவரித் துறைகளும் சேர்ந்து ஒரே சுற்றறிக்கை வெளியிட வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும், ஒரு பக்கத்துக்குள்.

இரண்டாவது, போடியில் காயைத் தரம் பிரிக்கும் பெண்கள் பற்றியது. சல்லடையில் 6, 7, 8 மில்லிமீட்டர் என்று பிரித்த பிறகு, வெடித்த காய், நிறம் வெளுத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்குகிறார்கள். டெல்லிக்குப் போகும் காயின் விலையை அந்தக் கைதான் தீர்மானிக்கிறது. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. ஆனால் பதிவு செய்வதற்காக ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகம் போக இவர்களால் முடிவதில்லை. பொறுக்கும் கிட்டங்கிக்கே முகாம் வர வேண்டும். இடமும் நாற்காலியும் நாங்கள் தருகிறோம்.

சோதனைச் சாவடிகளை 2017இலேயே எடுத்துவிட்டார்களே?

எடுத்தது வணிகவரிச் சாவடிகளை மட்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அவை போயின. போக்குவரத்து, காவல், வனம், கால்நடை, மதுவிலக்கு என்று மற்றவை அங்கங்கே நிற்கின்றன. சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே இடத்தில் ஒரே தடவை நடக்கட்டும் என்கிறோம். இரவில் கம்பத்திலிருந்து தக்காளியும் முருங்கையும் வாழைத்தாரும் ஏற்றிப் போகும் வண்டி, விடிவதற்குள் கோட்டயம் சந்தையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் தாமதமானால் முதல் விலை போய்விடும், இரண்டாம் விலைக்குத்தான் விற்கும். பன்னீர் திராட்சைக்கு இன்னும் மோசம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் மெல்லிய தோல் உள்ள பழம். வெயில் ஏறும்வரை நிறுத்திவைத்த வண்டியில் குறியீடு அதைக் காப்பாற்றாது.

நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். நேர்மையாக வேலை செய்யும் அலுவலருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

நம் காய்கறியில் பூச்சிமருந்து இருப்பதாகக் கேரளத்தில் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். 2015இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை இதில் கடுமை காட்டத் தொடங்கியபோது எங்களில் பலர் ஆத்திரப்பட்டோம். நானும் ஆத்திரப்பட்டேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன். அதே தக்காளியை என் பேத்தியும் சாப்பிடுகிறாள்.

அதனால் பள்ளத்தாக்குக்குள்ளேயே மருந்து எச்சப் பரிசோதனைக் கூடம் ஒன்று வேண்டும் என்று கேட்கிறோம். மாதிரியை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், அறிக்கை வருவதற்குள் காய் சமையலே ஆகியிருக்கும். பக்கத்தில் கூடம் இருந்தால் விவசாயி அறுவடைக்கு முன்பே பார்த்துக்கொள்வார். மண்டி வியாபாரி அறிக்கையோடு ஏற்றுவார். எல்லையில் யாரும் சந்தேகத்தின் பேரில் வண்டியை நிறுத்த முடியாது. உரக்கடை உறுப்பினர்கள் இந்தப் பத்தியைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள். மருந்து அடித்த பிறகு எத்தனை நாள் காத்திருந்து பறிக்க வேண்டும் என்பதைக் கடைகளில் தமிழில் எழுதி ஒட்டுவோம் என்ற வாக்குறுதியையும் அவர்களிடமே வாங்கிச் சேர்த்திருக்கிறோம்.

கேரளக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுவது பற்றி மனுவில் இருக்கிறதா?

இருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளம் லாரிகளில் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. அது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கம் ஒரு கசப்பான உண்மையையும் எழுதியிருக்கிறோம். சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டிக்குக் கழிவு மூட்டை வருமானமாகத் தெரிகிறது. அந்த வண்டி நம் ஊர் வண்டியாகவும் இருக்கலாம். சங்க உறுப்பினர் யாருடைய வண்டியாவது பிடிபட்டால் சங்கம் அவருக்காகப் பரிந்து பேசாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அரசிடம் கேட்பது, மலைப்பாதைகளின் அடிவாரத்தில் இறங்கிவரும் வண்டிகளைப் பார்க்கும் கேமராக்களும் அவற்றை இரவிலும் கவனிக்க ஆளும்.

சபரிமலை சீசனில் வியாபாரம் நன்றாகத்தானே நடக்கிறது? அதில் என்ன குறை?

நடக்கிறது, மறுக்கவில்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை இந்தச் சாலையில்தான் பாதித் தமிழ்நாடு போகிறது. நெரிசல் கூடும்போது வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏறவும் குமுளி வழியாக இறங்கவும் ஒருவழியாக்குகிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நேரத்தில் தளர்த்துவார்கள் என்பது கடைசி நிமிடத்தில்தான் தெரிகிறது. தோட்டத்துக்குப் போகும் ஜீப்பும் காய்கறி வண்டியும் மாட்டிக்கொள்கின்றன. ஒரு வாரம் முன்பே அறிவிப்பு வேண்டும். 2022 டிசம்பரில் ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் சபரிமலையிலிருந்து திரும்பும்போது குமுளி மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள். இரவில் அந்த வளைவுகளுக்கு வெளிச்சமும், சீசன் முழுவதும் மலையடிவாரத்து லோயர் கேம்பில் ஆம்புலன்ஸும் கேட்டிருக்கிறோம்.

முல்லைப் பெரியாறு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்டவர்கள் பலர். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. 1895இலிருந்து அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் விளைகிறது. எங்கள் வீடுகளில் அணையைக் கட்டிய பென்னிகுக் படம் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த விவகாரத்தைப் பார்த்துக்கொள்வது விவசாயிகளும் அரசும் நீதிமன்றமும். வணிகர் மனு அதில் புதிதாக ஒன்றையும் சேர்க்க முடியாது.

நாங்கள் கேட்டிருப்பது அதன் பக்கவிளைவு பற்றி. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் குமுளி எல்லை வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. மலையில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டுவழியாக இறங்கி வந்தார்கள். அந்த மாதம் என் கடையில் கடன் கேட்டு வந்தவர்களின் முகங்கள் எனக்கு மறக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் மறுபடியும் மூடினார்கள். அப்போது மலையில் வேலை செய்ய ஆள் இல்லை, கீழே சாப்பிடக் கூலி இல்லை. இரண்டு தடவையும் பால், மருந்து, காய்கறி வண்டிகளுக்கு என்ன விதி என்று தேனி ஒன்று சொல்ல, இடுக்கி வேறு சொன்னது. ஆகவே, எந்தக் காரணத்தால் எல்லை மூடினாலும் அத்தியாவசியச் சரக்கும் தொழிலாளரும் எப்படிப் போய் வருவது என்ற நடைமுறையை இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் சண்டை இல்லாத காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது இரு பக்கமும் அமைதியாக இருக்கிறது. எழுதுவதற்கு இதுதான் நேரம்.

சாக்குலூத்து மெட்டுச் சாலை?

தேவாரத்துக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்த சாலை. போட்டால் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நேராக ஏறிவிடலாம், கம்பமோ போடியோ சுற்ற வேண்டியதில்லை. குறுக்கே வனநிலம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் நகர்த்த முடியாது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வரும் இந்தச் சாலையின் கோப்பு இன்று எந்த மேசையில் இருக்கிறது, யார் என்ன பதில் எழுத வேண்டும் என்பதைச் சட்டமன்றத்தில் கேள்வியாகக் கேட்டுப் பதிலை ஊருக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறோம். முடியாது என்றால் அதையும் சொல்லட்டும்.

திண்டுக்கல்–குமுளி ரயில்?

எங்களுக்கும் வேண்டும். ஆனால் அது நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்க வேண்டிய மனு, தனியாகக் கொடுப்போம். மதுரை–போடி பாதையை அகலமாக்குவதற்காக மூடிவிட்டு, போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தோம்.

கடைப் பெயர்ப்பலகையில் மலையாளம் எழுதலாமா?

எழுதலாம். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்று, மற்ற மொழிக்கு இரண்டு பங்கு என்பதுதான் விதி. இதில் மாற்றம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

கேரள வியாபாரிகள் நமக்குப் போட்டி இல்லையா? அவர்களோடு ஏன் சேர வேண்டும்?

குமுளிக் கடைக்காரர் நம்மிடம் அரிசி எடுக்கிறார், நாம் அவரிடம் மிளகு எடுக்கிறோம். 1956 நவம்பரில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போனபோது கோடு மாறியது. கொடுக்கல் வாங்கல் மாறவில்லை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் நிற்கவில்லை. பஸ் தடமானாலும் சுற்றறிக்கையானாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் திருவனந்தபுரத்தில் கேட்காவிட்டால் இந்தப் பக்கம் சென்னையில் கேட்பது பாதியில் நின்றுவிடும். ஆகவே அங்குள்ள வணிகர்களிடமும் பேசிவருகிறோம். விடியற்காலைப் பஸ்ஸை அவர்களும் ஆதரிக்கிறார்கள். சோதனை விஷயத்தில் இன்னும் உடன்பாடு வரவில்லை.

நான் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. எப்படி உதவலாம்?

உங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர், எந்தத் தோட்டத்துப் பக்கம், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பஸ் கேட்டுப் போகும்போது கூட்டம் இருக்குமா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் அந்தத் தாள்கள்தான். வண்டி ஓட்டுகிறவர்கள், ஒரு மாதத்துக்கு உங்களைச் சோதனைக்காக எங்கே எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள் என்று குறித்துவையுங்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவர்கள் அம்மாவிடம் கேட்டு எழுதினாலே போதும். கம்பம், போடி, தேவாரம் ஊர்களில் மனுவின் நகல் ஒட்டியிருக்கும் கடைகளில் தாள்களை வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கும் முன் அவற்றை ஊர்வாரியாகக் கூட்டி, மனுவோடு இணைத்து நான்கு உறுப்பினர்களிடமும் கொடுப்போம்.